மொச்சை வேகும் நேரம்

எல் ஆல்ட்டோவில்
தண்ணீர் அவசரக்காரி.
அடுப்பில் ஏறியதும் கொதித்துவிடுவாள்.
கொதித்து என்ன, எதுவும் வேகாது.
காய்ந்த மொச்சை மூன்று மணி நேரம்
சட்டிக்குள் உருண்டு விளையாடிவிட்டுப்
போட்டபடியே வெளியே வரும்.
எரிவாயு மட்டும் தீர்ந்திருக்கும்.

'கடனின் நோக்கம்' என்ற கட்டத்தில்
இதையெல்லாம் எழுத இடமில்லை.
குக்கர், முப்பது லிட்டர், ஒன்று
என்று எழுதினேன்.
சத்துர்னினா திக்கோனா
ஒவ்வோர் எழுத்தாக வைத்துக் கையெழுத்திட்டாள்,
கல் பரவிய ஆற்றைக் கடப்பவள் மாதிரி.
இரண்டாயிரம் பொலிவியானோ.
இருபத்துநாலு செவ்வாய்க்கிழமைகள்.

கேபிள் கார் நிலையத்துப் படிக்கட்டின் கீழே
விடியுமுன் குக்கர் சீறத் தொடங்கியது.
ஊர்ப்பெயர்களைக் கூவிக் கூவித்
தொண்டை கட்டிய மினிபஸ் பையன்கள்
கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள்.
ஒரு கை மொச்சை,
உப்புக்கரிக்கும் பாலாடைக்கட்டி ஒரு துண்டு,
ஐந்து.

ஏழு பெண்கள், ஒரு கடன்.
ஒருத்தி கட்டாவிட்டால் ஆறு பேர் கட்ட வேண்டும்.
படிவத்தில் அதற்கு ஒற்றுமை என்று பெயர்.
இருநூறு தடவையாவது
இந்த வாயால் விளக்கியிருப்பேன்.

பதினோராவது செவ்வாய்
பொலோனியா வரவில்லை.
தொண்ணூறு குறைந்தது.
கதவைச் சாத்தித் தாழிட்டேன். விதி அது:
தொகை நிறையும்வரை யாரும் போகக்கூடாது.
அவளுடைய டயர்க் கடைக் கம்ப்ரஸரை
ராத்திரி யாரோ தூக்கிப் போய்விட்டார்களாம்.
"வந்து அழுதிருக்கலாமே" என்றாள் எவாரிஸ்தா.
"அழுகையை இவர் எந்தக் கணக்கில் வைப்பார்?"
மூலையிலிருந்து ஒரு குரல்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் பேனாவைப் பார்த்தேன்.

பிறகு முடிச்சுகள் அவிழ்ந்தன.
யார் எவ்வளவு என்று பேச்சு நடக்கும்போதே
சத்துர்னினா தன் துணிப்பையைக் கவிழ்த்துவிட்டாள்.
ஒரு நாணயம் மொச்சைத் தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.
நகத்தால் சுரண்டி எண்ணினேன்.
தொகை சரி.
யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார்கள்.

அதற்குப் பிறகு பொலோனியா
அடுத்த தெரு வழியாகவே நடந்தாள்.

குக்கரின் ரப்பர் வளையம் அறுந்தது எந்த வாரமோ.
மூடியைச் சுற்றி ஆவி ஒழுக,
மறுபடி கல்லாய்க் கிடந்தது மொச்சை.
புது வளையம் வரப் பத்து நாளாகும் என்றான் கடைக்காரன்.
பத்து நாள் என்றால் இரண்டு செவ்வாய்,
சில சமயம் மூன்று.

மூன்றாம் நாள் அதிகாலை
லாரி ட்யூப் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு
பொலோனியா வந்தாள்.
கேட்கவில்லை. குந்தி உட்கார்ந்து
மூடியைத் தரையில் கவிழ்த்து
சாக்பீஸால் வட்டம் போட்டு
ஒரே இழுப்பில் அறுத்தாள்.
சத்துர்னினா கட்டியை வெட்டிக்கொண்டிருந்தாள்,
தேவைக்கு மேல் சின்னச் சின்னதாக.

முதல் இரண்டு ஈடு பஸ் நாற்றம் அடித்தது.
பையன்கள் தின்றார்கள்.
அவர்களுக்கு அது பழகிய வாசனை.

"அப்போ தொண்ணூறு தீர்ந்ததா?" என்றேன்,
ஏட்டை மூடிவிடும் ஆசையில்.
"அது வேற, இது வேற"
என்றாள் சத்துர்னினா.
பொலோனியாவும் தலையாட்டினாள்.
பத்துப் பத்தாகக் கொடுத்துவருகிறாள் இன்னும்.

அன்று நானும் ஒரு கை வாங்கினேன்.
நூறு ரூபாய்த் தாளுக்கு அவளிடம் சில்லறை இல்லை;
பொலிவியானோ என்று சொல்ல வேண்டும்,
பசியில் எல்லாப் பணமும் ஒன்றுதான்.
சாக்கு மேலிருந்து நோட்டை எடுத்தாள்.
என் பெயர். ஐந்து.
"செவ்வாய், பத்து மணிக்குள்" என்றாள்.
"வராவிட்டால்?"
மூடியை ஓங்கித் திருகியபடி கேட்டாள்:
"உனக்காகக் கட்ட ஆறு பேர் இருக்கிறார்களா?"

கேபிள் காரில் லா பாஸுக்கு இறங்கும்போது
விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.
கடைசி நிலையம் வருவதற்குள்
மூன்று பேர் தேறினார்கள்.
மூன்றாவது ஆள் சந்தேகம்.